அச்சுப்பொறியின் தவக்காலம்

அச்சுப்பொறிக்கும் பசி எடுக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், கிரேஸ் மேரி அதை நாற்பது நாள் பட்டினி போட்டிருக்க மாட்டாள். சொல்வார் எவரும் இல்லை. ஆகவே, ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்துப் புதன்கிழமை காலையில், பங்கு அலுவலகத்தின் சன்னலோர மேசைமுன் நின்று ஊதாத் துணி உறையைப் பயபக்தியோடு உயர்த்தியபோது, தான் செய்த தவறு ஒன்றைத் தானே திறந்து பார்க்கப்போகிறோம் என்ற எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை.

வில்லியனூரிலிருந்து வயல்களுக்கு நடுவே மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது அந்தக் கத்தோலிக்கப் பங்கு. கோயிலை ஒட்டி ஓர் ஓட்டுக் கட்டடம். பாதி சாமியாரின் அறை, மீதி அலுவலகம். ஞானஸ்நானச் சான்று, திருமண ஓலை, மாத மடல் என்று கோயிலிலிருந்து வெளியே போகும் தாள் எதுவானாலும் அது கிரேஸ் மேரியின் கை வழியாகத்தான் போகும். பதினோரு ஆண்டுகளாக இதுதான் அவள் வேலை. அங்கே அச்சுப்பொறிகள் இரண்டு. ஒன்று, கருப்பில் மட்டும் அடிக்கும் பழைய லேசர். மற்றது, நான்கு நிற மையும் தொட்டிகளில் தளும்பித் தெரியும் புதிய வண்ண அச்சுப்பொறி. அதன் நெற்றியில் சிறிய பித்தளைத் தகடு ஒன்று ஒட்டியிருந்தது: ‘அமரர் சேவியர்ராஜ் நினைவாக. உபயம்: வெரோனிகா.’

சேவியர்ராஜை அறியாதவர் அந்தப் பங்கில் இல்லை. திருவிழாத் தேருக்கு ஆண்டுதோறும் வண்ணக் காகிதமும் சீரியல் விளக்கும் கட்டியவர் அவர். சென்ற ஆண்டு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், உழவு முடித்து வந்து உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டார். அவர் மனைவி வெரோனிகா கோயிலுக்கு ஏதாவது செய்ய நினைத்தாள். மின்விசிறியும் குழல் விளக்கும் ஏற்கெனவே பலருடைய பெயர்களைச் சுமந்துகொண்டிருந்ததால், அச்சுப்பொறி ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். இப்போது முதலாண்டு நினைவு நாள், ஈஸ்டராகிய பாஸ்காவுக்கு மறுநாள் திங்களன்று வருகிறது. அன்றைய பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, கணவரின் படம் போட்ட அறுபது நினைவு அட்டைகள் வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

“பாண்டியில அடிச்சா பளபளன்னு இருக்கும்னு எங்கண்ணன் சொல்றாரு. எனக்கு அது வேணாம் கிரேஸ்,” என்று அவள் சொல்லியிருந்தாள். “அவரு பேர்ல குடுத்த பெட்டியிலேர்ந்துதான் அவரு படம் வரணும். சனிக்கெழம காலையில வந்து வாங்கிக்கிறேன்.”

அந்தப் பெட்டியை மூடி வைத்த கதையையும் சொல்ல வேண்டும். தவக்காலம் தொடங்குமுன் நடந்த பங்குப் பேரவைக் கூட்டத்தில், ஆளுக்கொரு ஒறுத்தலை அறிவித்தார்கள். இளைஞர்கள் கிரிக்கெட் பார்ப்பதை விட்டார்கள். மாதர் சங்கத்தார் கறியோடு தொலைக்காட்சித் தொடர்களையும் விட்டார்கள். கறியை விட்டது எளிதாக இருந்தது என்பது பிறகு தெரியவந்தது. கிரேஸ் மேரியின் முறை வந்தபோது அவள் எழுந்து, “சாம்பல் புதன்லேர்ந்து பெரிய வாரம் வரைக்கும் ஆபீசுல கலர் பிரிண்ட் கெடையாது. எல்லாம் கருப்புதான்,” என்றாள். கோயில் காரியங்களில் சாமியாருக்கு உதவும் உபதேசியார் தனிஸ்லாஸ் முதல் ஆளாகக் கைதட்டினார். மறுவாரம் சாமியார் அதைப் பிரசங்கத்திலேயே எடுத்துச் சொன்னார். அந்த மகிழ்ச்சியில் கிரேஸ் மேரி, கோயில் சிலைகளான சுரூபங்களைத் தவக்காலத்தில் மூட வாங்கியிருந்த ஊதாத் துணியில் வெட்டு போக மீந்ததை எடுத்து, அச்சுப்பொறிக்கு அளவாக ஓர் உறை தைத்தாள். ஓரத்தில் சிறிய சிலுவை கூடத் தைத்தாள்.

யாரிடமும் சொல்லாத காரணம் ஒன்றும் அவளுக்கு உண்டு. அந்தப் பித்தளைத் தகட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கை தயங்கும். இறந்தவர் பெயரில் வந்த பொருள். தன் கையில் கெட்டுவிடக் கூடாது. ஆகவே தவக்காலத்துக்கு முன்பும் அதை மாதம் ஒருமுறைதான், அதுவும் மடலின் முகப்புக்காக மட்டும், இயக்கி வந்தாள். நாற்பது நாள் மூடி வைப்பது அவளுக்குத் தவமாக மட்டுமல்ல, நிம்மதியாகவும் இருந்தது.

இப்போது உறையை மடித்து வைத்துவிட்டு இயந்திரத்தை இயக்கினாள். வெரோனிகா கைபேசியில் அனுப்பியிருந்த படத்தைத் திரையில் கொண்டுவந்தாள். தேருக்கு முன்னால், கிளிப்பச்சைச் சட்டையில், கையில் சுத்தியலோடு சேவியர்ராஜ் சிரித்துக்கொண்டிருந்தார். மாதிரிக்கு ஒரு தாள் அடிக்கும்படி ஆணையிட்டாள். அச்சுப்பொறி முனகியது, இருமியது, தாளை விழுங்கி வெளியே தள்ளியது. தாளில் சேவியர்ராஜ் இல்லை. மங்கிய மஞ்சள் கோடுகள் சில, புகை படிந்தாற்போல் கொஞ்சம் கருப்பு. அவ்வளவுதான்.

தொட்டிகளைக் குனிந்து பார்த்தாள். மை இருந்தது, நான்கிலும் முக்கால் அளவுக்கு இருந்தது. கணினியில் ‘தலை சுத்தம் செய்’ என்று பொருள்படும் ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினாள். பயனில்லை. மறுபடி அமுக்கினாள். ஆறு முறை அமுக்கியபின் மஞ்சள் கோடுகளும் மெலிந்துபோயின. வில்லியனூர்க் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சுபாஷுக்குப் போன் செய்தாள்.

சுபாஷுக்கு அபிஷேகப்பாக்கம் சொந்த ஊர். பிறர் அலுவலகங்களின் கணினியும் அச்சுப்பொறியும் பழுதானால் ஓடிவருகிறவன்; வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும். மதியம் வந்தவன், மேசைமேல் மடித்திருந்த உறையைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தான்.

“இன்னாக்கா, மெஷினுக்கு முக்காடு போட்டு வெச்சிருக்கீங்க?”

“முக்காடு இல்லப்பா. தவக்காலத்துத் துணி.”

“தவக்காலம் உங்களுக்கா, இதுக்கா?” என்று கேட்டுக்கொண்டே மூடியைத் திறந்தான். “எத்தினி நாளா ஓட்டல?”

“சாம்பல் புதன்லேர்ந்து. ஞாயித்துக்கெழமைங்களையும் சேத்தா இன்னியோட நாப்பத்திரண்டு.”

“கடைசியா எப்பிடி ஆஃப் பண்ணீங்க? இந்த பட்டன்லயா, செவுத்து சுவிட்ச்லயா?”

“செவுத்து சுவிட்ச்தான். சாயங்காலம் எல்லாத்தையும் ஒரே தட்டா தட்டிட்டுத்தான் பூட்டினு போவேன்.”

சுபாஷ் நெற்றியில் கை வைத்துக்கொண்டான். பிறகு டார்ச்சை உள்ளே அடித்து, தண்டவாளம் போன்ற கம்பியில் ஓடும் கருப்புப் பெட்டியைக் காட்டினான்.

“இதுதான் தல. இதோட அடியில நூத்துக்கணக்குல ஓட்ட இருக்குது. தலமுடிய வுட சன்னம். அது வழியாத்தான் மை சொட்டுது. மைன்னா இன்னான்னு நெனச்சீங்க? முக்காவாசி தண்ணிக்கா. தண்ணி காத்தோட போயிடும், சாயம் மட்டும் அந்த ஓட்ட வாயில பிசின் மாதிரி ஒட்டிக்கும். ஒரு வாரம்னா லேசா ஒட்டும், ஓட்டுனா வுட்டுடும். மாசக்கணக்குல வுட்டா கல்லு.”

“தொட்டி நெறைய மை இருக்குதேப்பா?”

“வயித்துல சோறு இருந்து இன்னா பண்றது, வாய தெச்சிட்டீங்களே!”

வலப்பக்க மூலையில் ரப்பர் விளிம்பு கட்டிய சிறு தொட்டில் ஒன்று இருந்தது. இயந்திரத்தின் சொந்தப் பொத்தானை அமுக்கி அணைத்தால், தலை தானாக ஓடிப்போய் அந்தத் தொட்டிலில் படுத்துக்கொள்ளும். ரப்பர் அதன் வாயைக் காற்றுப் புகாமல் மூடி ஈரத்தைக் காக்கும். சுவரிலேயே மின்சாரத்தை வெட்டினால், வேலைக்கு நடுவில் தலை எங்கே இருக்கிறதோ அங்கேயே வாயைத் திறந்தபடி நின்றுவிடும். சாம்பல் புதனுக்கு முந்தின மாலை அப்படித்தான் நடந்திருக்கிறது. போதாக்குறைக்கு மேற்குப் பார்த்த சன்னல். பங்குனி வெயில் நாள்தோறும் மூன்று மணிக்கு மேல் நேராக அந்த மேசையில்தான் விழும். ஊதாத் துணி தூசியைத் தடுத்ததே தவிர வெப்பத்தைத் தடுக்கவில்லை.

“அந்தப் பழசு மாசக்கணக்குல சும்மா கெடந்தாலும் ஒண்ணும் ஆவலியே?” என்று லேசரைக் காட்டிக் கேட்டாள் கிரேஸ் மேரி.

“அது தூளுக்கா. காய்ஞ்ச பண்டம். இன்னும் எங்க காயறது?”

அந்த நேரம் பார்த்து, பாஸ்கா மெழுகுதிரிக்கான தண்டைத் தேய்த்துப் பளபளக்கச் செய்துகொண்டு உபதேசியார் தனிஸ்லாஸ் உள்ளே வந்தார். நடந்ததைக் கேட்டார், தண்டைக் கீழே வைத்தார்.

“மந்திரிச்ச தண்ணி ரெண்டு சொட்டு வுட்டுப் பாரேம்மா கிரேஸ். எந்த அடைப்பும் தெறந்துக்கும்.”

“பெரியவரே, உங்க கோயில் தண்ணி போர் தண்ணியாச்சே,” என்றான் சுபாஷ். “சாமி மந்திரிச்சாலும் உப்பு உப்புதானே? அதுவும் சேந்து படிஞ்சிக்கும்.”

“அப்பிடி ஒண்ணு இருக்குதா?” என்று தனிஸ்லாஸ் சிறிதும் மனம் கோணாமல் தண்டை எடுத்துக்கொண்டு போனார்.

சுபாஷ் தன் பையிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்தான். இதற்கென்றே விற்கும் சுத்தம் செய்யும் திரவம். நூல் பிரியாத துணியை நாலாக மடித்து, அதில் நனைத்து, தலையின் அடியில் செருகி, தலையை மெல்ல அதன்மேல் நகர்த்தி நிறுத்தினான். தொட்டிலின் பஞ்சிலும் சில சொட்டுகள் விட்டான்.

“ஊறட்டும். நாளைக்கு வரேன். அதுவரைக்கும் யாரும் எதையும் அமுக்கக் கூடாது. ஆறு தடவ கிளீனிங் போட்டேன்னீங்களே, ஒவ்வொரு தடவையும் அது மைய உறிஞ்சி அடியில இருக்குற பஞ்சுல துப்புது. அடைச்சது அடைச்சபடியே இருக்கும், மைதான் காலியாவும். அந்தப் பஞ்சு ரொம்பிச்சின்னா அது வேற வம்பு.”

“சரியாயிடுமா சுபாஷு?”

“கருப்பு, மஞ்சள் வந்துரும். நீலம்தான் சந்தேகம். தல போச்சின்னா பெட்டியே போன மாதிரிதான்.” அவன் தகட்டைப் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “அந்த அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?”

கிரேஸ் மேரி ஊதா உறையை எடுத்து மறுபடி மடிக்கத் தொடங்கினாள்.

மறுநாள் பெரிய வியாழன். சுபாஷ் துணியை உருவியபோது அதில் நான்கு நிறமும் கலங்கிப் படிந்திருந்தன. சோதனைத் தாள் ஒன்றை அடித்தான். படிக்கட்டு போன்ற மெல்லிய கோடுகளில் கருப்பும் மஞ்சளும் குறையின்றி வந்தன. சிவப்பு அங்கங்கே விட்டுவிட்டு வந்தது. நீலம் இருக்கவேண்டிய இடம் வெறும் வெள்ளை. நீலம் இல்லாமல் கிளிப்பச்சை இல்லை; அந்தச் சட்டை வெறும் மஞ்சளாகத்தான் வரும். அவன் புதிய துணியை நனைத்துச் செருகினான். “ரெண்டு நாள் ஊறட்டும். சனிக்கெழம ஒம்போது மணிக்குப் பாப்போம்,” என்று சொல்லிப் போனான்.

சாமியார் ஆரோக்கிய பிரகாஷ், மாலைச் சடங்கில் பாதம் கழுவ வேண்டிய பன்னிருவரின் பட்டியலைக் கேட்டு வந்தார். நாற்பதைத் தொடாத வயது, பெரிய கண்ணாடி. கிரேஸ் மேரி பட்டியலோடு தன் குற்றத்தையும் சேர்த்து ஒப்புவித்தாள். திட்டினால் பாரம் இறங்கும் என்று காத்து நின்றாள். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பாகூர் ஏரியில ரெண்டு கொக்கு தவக்காலம் இருந்துச்சாம்,” என்று தொடங்கினார். “ஒண்ணு, பொழுது சாயற நேரத்துல ஒரே ஒரு மீன் தின்னும். இன்னொண்ணுக்கு அது பத்தல. நாப்பது நாளும் வாயவே தெறக்க மாட்டேன்னு, ஏரிச் சேத்த எடுத்து அலகுமேல பூசிக்கிச்சு. மத்த பறவையெல்லாம் வந்து கும்புட்டுட்டுப் போச்சாம். கொக்குக்கு ரொம்பப் பெரும. நாப்பது நாள் ஆச்சு, ஏரி நெறைய மீனு, வாயத் தெறக்கப் பாக்குது. சேறு காஞ்சி ஓடாயிடுச்சு.”

“அப்புறம் இன்னாச்சு சாமி?”

“அப்புறம் இன்னா? ஒரு மீன் தின்ன கொக்கு, மூணு நாள் வாயால தண்ணி மொண்டாந்து அதும்மேல ஊத்தினே இருந்துச்சாம்.”

கிரேஸ் மேரி சிரிக்கவில்லை. “சேறு பூசின கொக்கு தான் பண்ணத யாருகிட்டயாவது சொல்லுச்சா சாமி?”

“அது கதையில இல்லம்மா,” என்று எழுந்தார் சாமியார். “அத நீங்கதான் சொல்லணும். பிரசங்கத்துல உங்களப் புகழ்ந்து சேறு கொழச்சுக் குடுத்தவன் நானு. அதையும் சேத்துச் சொல்லுங்க.”

பெரிய வெள்ளியன்று அலுவலகம் பூட்டிக் கிடந்தது. ஊரே ஒருசந்தி பிடித்திருந்தது. மதியம் ஒரு வேளை கஞ்சி, அவ்வளவுதான். மாலைச் சிலுவைப் பாதையில், இயேசு சிலுவையில் உயிர்விடும் பன்னிரண்டாம் நிலையருகே, கூட்டத்தில் வெரோனிகா அவளைத் தேடி வந்து பக்கத்தில் முழந்தாளிட்டாள். செபம் முடிந்து எழும்போது காதோரம் கேட்டாள்:

“நாளைக்கு வரேன் கிரேஸ். அவரோட பச்ச சொக்கா சரியா வருமில்ல?”

“வரும்க்கா,” என்றது கிரேஸ் மேரியின் நாக்கு.

கேட்டது சிலுவையடியில், சொன்னது பொய். மீதி இரண்டு நிலைகளிலும் அவளுக்குச் செபம் ஓடவில்லை. தலை போய்விட்டால் என்ன என்பதைவிட, அறியாமல் செய்ததை அறிந்தே மறைக்கத் தொடங்கிவிட்டோம் என்பது அவளை அதிகமாகச் சுட்டது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரே முடிவோடு நடந்தாள்: நீலம் வந்தாலும் வராவிட்டாலும், சோதனைத் தாளுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

அந்த முடிவை நிறைவேற்றும் வாய்ப்பு எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே வந்தது. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு சுபாஷ் மூடியைத் திறந்து துணியை உருவிக்கொண்டிருக்கையில், வாசலில் வெரோனிகா நின்றாள். கையில் அட்டைகளைப் போட்டுக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா. மேசைமேல் குடல் தெரியக் கிடந்த அச்சுப்பொறியையும், சுபாஷின் கையில் நீலமாய் நனைந்த துணியையும் பார்த்தாள்.

“இன்னாச்சு இதுக்கு?”

“நான்தான்க்கா கெடுத்துட்டேன்,” என்றாள் கிரேஸ் மேரி. ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. ஒறுத்தலைச் சொன்னாள், உறை தைத்ததைச் சொன்னாள், சுவர் சுவிட்சைச் சொன்னாள். “நேத்து சிலுவப் பாதையில வரும்னு சொன்னது பொய். நீலம் வருமா வராதான்னு எனக்கே தெரியாது. தகட்டப் பாத்தாலே எனக்கு பயம்க்கா. அண்ணன் பேர்ல வந்தது, என் கையால தேஞ்சிடக் கூடாதுன்னு முன்னாடியும் ஓட்டாமதான் வெச்சிருந்தேன்.”

வெரோனிகா உறையை எடுத்து விரித்தாள். ஓரத்துச் சிலுவையைக் கட்டைவிரலால் தடவினாள்.

“இதுக்குத் துணி வேற தெச்சியாடி?”

கிரேஸ் மேரி தலையைக் குனிந்துகொண்டாள்.

“அவரு ஒரு நாளு சும்மா குந்தி நீ பாத்திருக்கியா? சொல்லு. ஒடம்புக்கு முடியலன்னாலும் தேரு மேல ஏறி நிப்பாரு. அவரு பேரப் போட்டு இதக் குந்த வெச்சிருக்கியே!” குரல் உயர்ந்து, பிறகு தானே தணிந்தது. “நான் சுரூபமா வாங்கிக் குடுத்தேன், கும்புட்டு வெக்க? தேயட்டும்னுதானே குடுத்தேன். தேஞ்சா இன்னொண்ணு வாங்கிக்கலாம். காஞ்சி போச்சுன்னா எனக்கு இன்னா பெரும?”

சுபாஷ், இந்த விவகாரத்தில் தனக்கு இடமில்லை என்பதுபோல் திருகுகளை முடுக்கிக்கொண்டிருந்தான். முடித்துவிட்டு மின்சாரம் கொடுத்தான். தலை இடமும் வலமும் ஒருமுறை ஓடித் தன் தொட்டிலைத் தேடிப் படுத்தது.

“ஒரே ஒரு தடவ கிளீனிங் போடறேன். அதுக்கு மேல போடமாட்டேன்,” என்றான். இரண்டு நிமிடம் முனகல். பிறகு சோதனைத் தாள் மெல்ல வெளியே வந்தது. மூவரும் குனிந்தார்கள். கருப்பு, மஞ்சள், சிவப்பு. அடுத்து, படிப்படியாக இறங்கும் நீலம். கடைசிப் படியில் மட்டும் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெட்டு.

“வந்துடுச்சிக்கா! அந்த வெட்டு ஓட ஓடச் சரியாயிடும். படத்துல கண்ணுக்குத் தெரியாது.” சுபாஷ் முதுகை நிமிர்த்தினான். “ஆனா இனிமே வாரத்துக்கு ஒரு பக்கமாவது அடிக்கணும். நாலு கலரும் இருக்குற பக்கம், பொஸ்தகம் அளவு வேணாம், உள்ளங்கை அளவு போதும். மெஷின் பட்டன அமுக்கி, லைட்டு அணையறவரைக்கும் நின்னு, அப்புறமா செவுத்துல அமுக்குங்க. மேசைய சன்னலாண்டேர்ந்து நவுத்துங்க. தொட்டியில கோட்டுக்குக் கீழ மை எறங்க வுடாதீங்க, காத்து பூந்துக்கும்.”

“ஒருசந்தி மாதிரி,” என்றாள் கிரேஸ் மேரி மெல்ல. “தவக்காலமானாலும் ஒரு வேள உண்டு.”

“அந்த ஒரு வேளைக்கு நான் வரேன்,” என்றாள் வெரோனிகா. “சனிக்கெழமதோறும் பூ கட்ட கோயிலுக்கு வர்றவதானே. படுக்கையில கெடக்குறவங்க பதினாலு பேருக்கு ஞாயித்துக்கெழம நன்மை அப்பம் எடுத்துனு போறாரு உபதேசியாரு. கூட ஆளுக்கொரு படம் அடிச்சிக் குடுத்தனுப்பலாம். ருக்குமணியோட மாமியாரு செவுத்தையே பாத்துனு கெடக்குது பாவம்.”

கிரேஸ் மேரியும் சுபாஷும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேசையை உள்சுவரோரம் நகர்த்தினார்கள். தடித்த தாளை அடுக்கி, கிரேஸ் மேரி ஒரு தாளுக்கு நான்கு அட்டையாக ஆணையிட்டாள். அச்சுப்பொறி இந்த முறை இருமவில்லை. முதலில் வானம் வந்தது, பிறகு தேரின் உச்சிக் கொடி, பிறகு நரைத்த முடி, சிரிப்பு, அதன்கீழ் கிளிப்பச்சை. ஒரு தாளில் நான்கு சேவியர்ராஜ்கள் சுத்தியலோடு வந்து நின்றார்கள்.

வெரோனிகாவின் கை தானாக நீண்டது. கிரேஸ் மேரி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“தொடாதீங்கக்கா. ஈரம். இது காயணும்.”

“எவ்ளோ நேரம்?”

“அஞ்சு நிமிசம்.”

தாள் பறந்துவிடாதிருக்க கிரேஸ் மேரி மின்விசிறியை நிறுத்தினாள். வெரோனிகா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, மேசைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“இருக்கட்டும்,” என்றாள். “எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.”